வாடகை வீடு பிடிக்காத குளவி

ரவை டப்பாவை இரண்டு மாதம் மறந்துவிட்டுத் திறந்தால், உள்ளே ரவை ரவையாக இருக்காது. நூல் பின்னிக் கட்டிகட்டியாகத் தொங்கும். கிளறினால் வெளிர் நிறத்தில் ஒரு புழு நெளியும். இன்னும் சில நாள் விட்டால், சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று வெளியே வந்து டியூப்லைட் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் முகம் சுளிப்பார்கள். சலித்து, வெயிலில் காயவைத்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் குப்பைக்குத்தான்.

இதே புழுவைத் தட்டுத் தட்டாகத் தீனி போட்டு வளர்க்கிற அறைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், வேளாண்மைத் துறையின் ஆய்வகங்களிலும், சில சர்க்கரை ஆலைகளிலும் இதற்கென்றே ஆட்கள் உண்டு. அரிசி அந்துப்பூச்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆய்வகத்தில் அறிவியல் பெயரின் முன்பாதியை எடுத்துக்கொண்டு ‘கார்சைரா’ என்பார்கள்.

கரும்பைத் துளைக்கிற புழுவை ஒழிக்க, அரிசியைக் கெடுக்கிற பூச்சியை வளர்ப்பானேன்? இடையில் ஒரு குளவி இருக்கிறது.

டிரைக்கோகிரம்மா என்று அதற்குப் பெயர். குளவி என்றதும் பயப்பட வேண்டாம். இது யாரையும் கொட்டாது. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும்; காகிதத்தில் பேனா வைத்த புள்ளி நகர்ந்தால் எப்படியோ அப்படி. இந்தப் பெண் குளவி, அந்துப்பூச்சிகள் இட்டுவைத்த முட்டையைத் தேடிப் போய், அந்த முட்டைக்குள் தன் முட்டையைச் செருகிவிடும். உள்ளே பொரிக்கும் குளவிக் குஞ்சு, முட்டையின் சத்தைத் தின்று வளரும். கரும்புப் புழு வர வேண்டிய முட்டையிலிருந்து குளவி வரும். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதைதான். இங்கே காக்கை முட்டைக்கு உள்ளேயே இட்டுவிடுகிறது.

வயலில் விடுவதற்கு லட்சக்கணக்கில் குளவி வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் முட்டை வேண்டும். கரும்பு இடைக்கணுப் புழுவையே வளர்த்து முட்டை எடுப்பதென்றால், அதற்குக் கரும்பை வெட்டி வெட்டிப் போட வேண்டும். கட்டுப்படியாகாது. டிரைக்கோகிரம்மாவுக்கோ பெரிய வீம்பு கிடையாது. சொந்த வீடு இல்லாவிட்டால் வாடகை வீட்டிலும் குடியிருக்கும். கார்சைராவின் முட்டையைக் கொடுத்தால் அதிலும் முட்டையிடும். இப்படி உண்டு, உறைவிடம் இரண்டும் கொடுக்கிற உயிரை ஓம்புயிரி என்கிறார்கள். கார்சைரா இங்கே மாற்று ஓம்புயிரி.

வேலை கம்பில் தொடங்குகிறது. உடைத்த கம்பை 100 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து, ஏற்கெனவே அதில் இருக்கும் பூச்சிகளைக் கொன்றுவிடுவார்கள். பூச்சி வளர்ப்பதற்கு முன் பூச்சி மருத்துவம். ஒரு தட்டுக்கு இரண்டரை கிலோ கம்பு, 100 கிராம் வேர்க்கடலைப் பொடி, 5 கிராம் ஈஸ்ட். சிலந்திப்பேன் வராமலிருக்கக் கொஞ்சம் கந்தகத் தூள். பாக்டீரியா தொற்றாமலிருக்க ஸ்ட்ரெப்டோமைசின் கரைசல். அதன்மேல் அரை சி.சி. கார்சைரா முட்டையைத் தூவி, காடாத் துணியால் வாய் கட்டி அடுக்கிவிட்டால், ஏறத்தாழ 40 நாளில் அந்துப்பூச்சிகள் வெளிவரத் தொடங்கும். பிறகு ஒன்றரை மாதத்துக்குத் தினமும் அறுவடை.

பிடித்த பூச்சிகளைக் கம்பி வலை போட்ட டிரம்மில் விட்டு, பஞ்சில் நனைத்த தேன் தண்ணீர் கொடுப்பார்கள். வலை வழியே உதிரும் முட்டைகளைச் சல்லடையில் சலித்துச் சுத்தம் செய்து, புற ஊதா விளக்கின் கீழ் கொஞ்ச நேரம் வைப்பார்கள். முட்டைக்குள் இருக்கும் கார்சைராக் கரு அதோடு உயிரிழக்கும். ஆனால் முட்டை கெடாது. இந்தப் படியைத் தவறவிட்டால் பொரிக்கிற புழுக்கள் பக்கத்து முட்டைகளைத் தின்று மொத்த உழைப்பையும் காலிசெய்துவிடும். பிறகு கோந்து தடவிய அட்டையில் முட்டையைத் தூவி, குளவியோடு ஒரு பையில் அடைத்துவைத்தால், நாலாம் நாள் முட்டைகள் கறுத்துவிடும். கறுத்தால் குளவி குடியேறிவிட்டது என்று அர்த்தம். ஏழெட்டு நாளில் குளவி வெளியே வரும். அதற்குள் அட்டை வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் குளிர்பெட்டியில் கொஞ்ச நாள் தூங்கவைக்கலாம்.

ஒரு சி.சி. முட்டை என்றால் பதினாறாயிரத்துக்கு மேல். கரும்புக்கு ஏக்கருக்கு ஒரு சி.சி. கணக்கு. நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை கட்ட வேண்டும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டித் தோகையின் அடிப்பக்கம் பின் போட்டுவிட்டு வருவதுதான் வேலை. காவிரிக்கரையில் மோகனூர்ப் பக்கம் கரும்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

தென்னைக்கும் இதே கார்சைராதான் உதவுகிறது. ஓலையைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப்புழுவைத் தாக்கும் பிரக்கான் என்ற குளவியைக் கார்சைராவின் முட்டையில் வளர்ப்பதில்லை. புழுவின் மேல் வளர்ப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முட்டைக்காகக் கார்சைரா வளர்க்கும் அறையில் இந்தப் பிரக்கான் நுழைந்துவிட்டால் அதுவே திருடன். தட்டுத் தட்டாகப் புழுக்களைக் கொட்டிச் சாய்த்துவிடும். ஓர் அறையில் அது சரக்கு. அடுத்த அறையில் அது கொள்ளை.

வேடிக்கை இல்லாத பக்கமும் இருக்கிறது. அந்துப்பூச்சியின் இறக்கையிலிருந்து உதிரும் செதில், மாவு போலக் காற்றில் மிதக்கும். ஆண்டுக்கணக்கில் அந்த அறையில் வேலை செய்பவர்களுக்கு இளைப்பும் மூச்சுத்திணறலும் வருவது தெரிந்த விஷயம். உறிஞ்சு கருவிகளும் முகக்கவசமும் வந்ததே இதற்காகத்தான். நஞ்சில்லாத விவசாயம் என்று பேசும்போது, அந்த அட்டையை ஒட்டிக்கொடுப்பவரின் நுரையீரலும் கணக்கில் வர வேண்டும்.

ஆக, கம்பும் ஓர் அறையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் குளவிப் பண்ணை நடத்திவிடலாம் என்று தோன்றும். சேலம், நாமக்கல் மானாவாரிக் காடுகளுக்கு வந்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது.

ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு வட்டாரங்களில் குச்சிக்கிழங்குதான் பல குடும்பங்களின் வரவு செலவு. ஏட்டில் மரவள்ளி என்று எழுதினாலும் காட்டில் குச்சிக்கிழங்குதான். பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி இந்த ஊர் சேகோ ஆலைகளிலிருந்து வருகிறது. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலையில் கிழங்குக்கு விலை எடையை மட்டும் வைத்துப் போடப்படுவதில்லை. மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று பார்த்துத்தான் போடுவார்கள். பத்து மாதம் காட்டில் கிடந்த கிழங்கின் தலையெழுத்து அந்த எண்ணில் இருக்கிறது.

இந்தக் கிழங்குக்கு எமனாக வந்தது மாவுப்பூச்சி. குருத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலை சுருங்கும், கணுக்கள் நெருங்கிக் குருத்து முடிச்சுப் போட்டதுபோல் நின்றுவிடும். இலை வேலை செய்யாதபோது கிழங்கில் மாவு எங்கிருந்து ஏறும்?

மாவுப்பூச்சி இடம்பெயரும் பாதையும் இங்கே எளிது. குச்சிக்கிழங்கை நடுவது கரணை வெட்டித்தான். ஒரு காட்டில் வெட்டிய கட்டு, வண்டியேறி நாலு ஊர் தாண்டிப் போய் நடப்படும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் கூடவே பயணச்சீட்டு இல்லாமல் போகும்.

முதல் அடி 2008-ல் விழுந்தது. அந்த ஆண்டு ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பூர்வீகம். பப்பாளியோடு நிற்கவில்லை. குச்சிக்கிழங்கு, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி, தேக்கு, வேலியோரத்துப் பார்த்தீனியம் என எதையும் விடாமல் கொங்கு மண்டலத்தை வெள்ளையடித்தது. மல்பெரி வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துப்போகும். அடிக்காவிட்டால் இலையே இருக்காது.

மாவுப்பூச்சிகளை வேட்டையாடும் குளவிகள் உண்டு. ஆனால் இந்தப் பூச்சி புதிதாக வந்தது. அதன் எதிரி அதோடு கப்பலேறி வரவில்லை. எனவே பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை 2010 ஜூலையில் தருவித்தது. தனிமைப்படுத்தி, மற்ற உயிர்களுக்கு ஆபத்தில்லை என்று பார்த்த பிறகு, அந்த அக்டோபரில் தமிழ்நாட்டு வயல்களில் விடத் தொடங்கினார்கள். அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று மற்ற இரண்டையும் விஞ்சி நின்றது.

அதை லட்சக்கணக்கில் பெருக்கத்தான் சிக்கல். இந்தக் குளவி கார்சைரா முட்டையை ஏறிட்டும் பார்க்காது. அதற்கு வேண்டியது உயிருள்ள பப்பாளி மாவுப்பூச்சி. மாவுப்பூச்சிக்கு வேண்டியது பப்பாளிச் செடி. ஆய்வகம் முழுக்கப் பப்பாளித் தோட்டம் போட முடியுமா? வழி காய்கறிக் கடையில் கிடைத்தது. உருளைக்கிழங்கை இருட்டில் போட்டு முளைக்கவிட்டு, அந்த வெளிறிய முளைகளில் மாவுப்பூச்சியை ஏற்றினார்கள். எதையும் தின்னும் பூச்சி அல்லவா, அது சந்தோஷமாகப் பெருகியது. அதன்மேல் குளவி பெருகியது. குளவிக்குச் சொந்த வீடுதான். வீட்டுக்காரருக்குத்தான் மாற்றுச் சாப்பாடு. வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சி நிலையங்களிலெல்லாம் இப்படி வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. எவ்வளவு மருந்தடித்தும் அடங்காத பூச்சி, அடுத்த சில மாதங்களில் அடங்கியது.

இரண்டாவது அடி 2020-ல். அந்த ஏப்ரலில் கேரளத்துத் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி முதன்முதலாகப் பதிவானது. முந்தையதற்கு இது உறவுதான், குணம் வேறு. சேலமும் நாமக்கல்லும் அதன் கைக்கு வர அதிக நாள் பிடிக்கவில்லை. இந்த இனத்தில் பெண்கள் மட்டும்தான். ஆணே இல்லாமல் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரே ஒரு பூச்சி ஒரு கரணையில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், ஒரு காட்டை நிரப்ப. கோடையில் அதன் ராஜ்ஜியம். பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். மானாவாரிக் காட்டில் மழையை எண்ணிக் காத்திருப்பது எப்படி என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பூச்சியின் கதை இங்கே தொடங்கியது அல்ல. தென் அமெரிக்காவில் அடங்கிக் கிடந்த அது, 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் தோன்றியது. மரவள்ளியையே சோறாகத் தின்னும் கண்டம் அது. விளைச்சல் படுத்ததும் பசி வந்தது. பூச்சியின் பிறந்த ஊரைத் தேடி அலைந்தார்கள். 1981-ல் பராகுவேயில் அகப்பட்டது. அதைத் தின்னும் குளவியும் கூடவே அகப்பட்டது. ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான அனாகைரஸ் லோபெஸி. நைஜீரியாவின் இபதானில் இருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் அதை வளர்த்து, விமானத்திலிருந்துகூடத் தூவியது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது நிலைத்தது. அந்தப் பணியை நடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பூச்சி 2008-ல் தாய்லாந்தில் புகுந்தபோதும் மறு ஆண்டே இதே குளவியைத் தருவித்தார்கள்.

இந்தியா 2021-ல் பெனின் நாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தது. பெங்களூருவில் வைத்துப் பெருக்கி, 2022 மார்ச் 7-ம் தேதி, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள்.

அனாகைரஸ் வாடகை வீடு பிடிக்காத குளவி. கார்சைராவும் வேண்டாம், பப்பாளி மாவுப்பூச்சியும் வேண்டாம். மரவள்ளி மாவுப்பூச்சி கிடைத்தால் குடும்பம் நடத்தும், இல்லாவிட்டால் இல்லை. அந்த மாவுப்பூச்சியும் முந்தையதைப்போல எதையும் தின்னும் ரகம் அல்ல. அதற்கு மரவள்ளிதான் வீடும் சோறும். எனவே தொட்டியில் குச்சி நட்டு, அது துளிர்த்ததும் பூச்சியை ஏற்றி, பூச்சி பெருகியதும் குளவியை விட்டு, மூன்று உயிர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வளர்க்க வேண்டும். குச்சி காய்ந்தால் பூச்சி போச்சு. பூச்சி போனால் குளவி போச்சு. இபதானில் இதற்காக ஒரு செயற்கை மரமே செய்தார்கள். நெட்டுக்குத்தாக நிறுத்திய குழாயில் ஓட்டைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மரவள்ளிக் கரணையைச் செருகி, சத்து கலந்த தண்ணீரை மேலிருந்து கசியவிட்டார்கள். மண் இல்லாமல் முழு மரம்போல் தழைத்த அந்தக் குச்சிகளில்தான் ஆப்பிரிக்காவுக்கான குளவிகள் வளர்ந்தன.

இத்தனை பிகு பண்ணும் குளவி எதற்கு, கார்சைராவில் வளர்வது போல ஒரு சாதுவான குளவியை மரவள்ளிக்கும் கண்டுபிடிக்கக் கூடாதா என்று கேட்கலாம். அந்தப் பிகுவை நம்பித்தான் அதை வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்து அவிழ்த்துவிட முடிந்தது. கண்டதையும் தாக்கும் குளவியாக இருந்தால் யாரும் அனுமதி கொடுக்க மாட்டார்கள். மரவள்ளி மாவுப்பூச்சி எங்கே ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துத் தேடிப் போவதும் அந்தப் பிடிவாதத்தால்தான். டிரைக்கோகிரம்மா அட்டையை 15 நாளுக்கு ஒருமுறை வாங்கிக் கட்ட வேண்டும். அனாகைரஸை ஒருமுறை விட்டு, அது நிலைத்துவிட்டால், தானே பெருகி, தானே அடுத்த காட்டுக்கும் போகும்.

வியாபாரமாகப் பார்த்தால் இதைவிட மோசமான சரக்கு கிடையாது. ஒருவர் காசு கொடுத்து வாங்கி விட்டால் பக்கத்துக் காட்டுக்காரருக்கு இலவசமாகப் போய்ச் சேரும். வாங்கியவர் மறுபடி கடைக்கு வர மாட்டார். அதனால் எந்த மருந்துக் கடையிலும் இந்தக் குளவி கிடைக்காது. எந்தக் கம்பெனியும் இதற்கு விளம்பரம் கொடுக்காது. குருத்து வெளுத்ததைப் பார்த்துப் பதறி ஓடும் விவசாயிக்குக் கடைக்காரர் பாட்டிலைத்தான் நீட்டுவார். ‘பூச்சியக் கொல்லாம இன்னொரு பூச்சிய விடச் சொல்றாங்களேங்க’ என்று தயங்குபவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கடன் தவணை இருக்கிறது. குளவி பெருக வாரங்கள் ஆகும்.

ஆகவே இது அரசு நிறுவனங்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. அதிலும் ஒரு சங்கடம். பூச்சி அடங்கியதும் நிதியும் அடங்கிவிடும். தொட்டிகள் காலியாகும், வளர்த்த கைகள் வேறு வேலைக்கு மாறும். பப்பாளி மாவுப்பூச்சிக்கும் மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இடையே 12 ஆண்டுகள்தான். அடுத்தது எப்போது எந்தக் கட்டோடு வரும் என்று யாருக்குத் தெரியும்? கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். வாடாத குச்சியில் சாகாத பூச்சியை வைத்து, சரியான நாளில் குளவியை விடத் தெரிந்த ஆளை அவசரத்துக்கு உருவாக்க முடியாது.

காட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கரணை வாங்கும்போது பூச்சி இல்லாத காட்டிலிருந்து வாங்குவது. குருத்தில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பார்ப்பது. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். குளவியை நெருங்க விடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், குளவி விட்ட காட்டில் பூச்சிக்கொல்லி அடிக்காமல் இருப்பது. அடித்தால் முதலில் சாவது குளவிதான்; மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் மாவுப்பூச்சி அதற்கும் அப்புறம்தான்.

குளவி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. சுருண்ட குருத்து ஒன்றைக் கிள்ளி, வெள்ளைப் பஞ்சை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். உயிருள்ள மாவுப்பூச்சி இளஞ்சிவப்பாக, நசுங்கும் பதத்தில் இருக்கும். குளவி குடியேறியது பழுப்பு நிறத்தில் ஊதி, கெட்டியாகிக் கிடக்கும். அதன் ஓரத்தில் ஊசி குத்தியதுபோல் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தால், உள்ளிருந்தது பறந்து போய்விட்டது. இன்னும் ஓட்டை விழாத பழுப்புப் பூச்சிகள் நிறைய இருந்தால், அந்தக் குருத்தைக் கிள்ளி நெருப்பில் போட்டுவிடாமல், வெள்ளை மட்டுமே தெரிகிற காட்டுப் பக்கம் கொண்டுபோய் ஒரு செடியில் செருகிவைத்தால் போதும்.